பேச்சில்லாமல் ஓடிய வண்டி

ஜூலை 14, திங்கள்

"தெனமும் வீட்டுக்கு வந்து அந்த டிரைவரத் திட்டுறீங்க. வயித்துல இருக்குற புள்ளைக்கே அவரு பேரு மனப்பாடமாயிருக்கும். இனிமே இதுல எழுதிக்கிடுங்க, என் காது பாவம்" என்று செண்பகம் ஒரு டைரியைக் கையில் திணித்தாள். புத்தாண்டுக்கு யூனியனில் கொடுத்தது. பாதி வருஷம் பீரோ மேல் சும்மா கிடந்தது.

சரி, எழுதுகிறேன். நான் ஆவுடையப்பன், டவுன் பஸ் கண்டக்டர். ஜங்ஷனில் கிளம்பிக் கருங்குளத்தூர் போய்த் திரும்புகிற வண்டி. டிரைவர் பெயர் ஞானதிரவியம். ஒரு தடவை எழுதியாகிவிட்டது, போதும். இனி 'அந்த ஆள்' என்றுதான் எழுதுவேன்.

இன்று காலை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் பீர்முகமதுவோடு டீக்கடையில் ரெண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தேன். ரெண்டே வார்த்தை. திரும்பிப் பார்த்தால் என் வண்டி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கண்டக்டர் இல்லாமல்! டீயை அப்படியே வைத்துவிட்டு, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடிப் பிடிக்க முடியாமல் ஆட்டோவில் ஏறி, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் போய் மறித்தேன். ஏறினதும் வண்டி முழுக்கச் சிரிப்பு. ஒரு காலேஜ் பெண், "அண்ணே, ஆட்டோவுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்கிறாள்.

"என்ன அண்ணாச்சி, ஆள விட்டுட்டு எடுத்துட்டீங்க?" என்று கத்தினேன்.

அந்த ஆள் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வண்டியை ஓரங்கட்டி, எழுந்து வந்து, என் முகத்தை நேராகப் பார்த்தார். "ஆவுடையப்பன், தெனமும் சொல்லியாச்சு. பள்ளிக்கொடத்துப் புள்ளைய பிந்திப் போயி கேட்டுக்கு வெளிய நிக்குதுவ. டைமானா நான் எடுப்பேன். நாளைக்கும் எடுப்பேன்." அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி போய் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இனி அவரோடு ஒரு பேச்சு கிடையாது. விசில் இருக்கிறது. ஒன்று அடித்தால் நிற்கணும், ரெண்டு அடித்தால் கிளம்பணும். இதற்கு மேல் எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது?

ஜூலை 16, புதன்

கிளை மேலாளர் பெருமாள்சாமி சாரிடம் போய் வேறு டிரைவர் தரச் சொன்னேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "நான் என்ன ஒங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமா பண்ணி வச்சேன், அத்து விட? ஆயுத பூஜை வரைக்கும் ஓட்டுங்க, பொறவு பாப்போம். நடுவுல ஒங்க வண்டியில ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சுன்னு வையி, மலை டெப்போவுல கண்டக்டர் இல்ல இல்லன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். ஒன்ன அங்க தூக்கிப் போட்டுருவேன்."

மலை டெப்போ என்றால் ராத்திரியும் அங்கேதான் படுக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டைப் பார்க்கலாம். செண்பகத்துக்கு இது நாலாம் மாசம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, கோயில் கோயிலாக வெகுகாலம் அலைந்து தங்கின பிள்ளை. அவளுக்கு லேசாகத் தலை சுற்றினாலே எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. என்னால் மலைக்கெல்லாம் போக முடியாது.

ஆகவே கம்ப்ளெய்ண்டும் வராமல், பேச்சும் இல்லாமல், ஆயுத பூஜை வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டப்போகிறேன்.

ஜூலை 21, திங்கள்

பேச்சில்லை. வெயில்.

ஜூலை 29, செவ்வாய்

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ட்ரிப் முடிந்ததும் யார் முதலில் கடைக்குப் போகிறாரோ அவர் மற்றவருக்கும் டீ வாங்கி வரணும். பேச்சு நின்றுபோனாலும் அந்த ஆள் டீயை நிறுத்தவில்லை. எஞ்சின் மூடி மேல் ஒரு கிளாஸ், அதன் மேல் ஒரு துண்டுப் பேப்பர். முதல் நாள் ஜன்னல் வழியாகக் கொட்டினேன். மறுநாளும் கொட்டினேன். அதற்கடுத்த நாள் தலைவலி, குடித்துவிட்டேன். சர்க்கரை கம்மியாக, நான் குடிக்கிற மாதிரியே இருந்தது. தற்செயலாக இருக்கும்.

இன்று வாய்க்கால் பாலத்தில் எதிரே வைக்கோல் லாரி. ரெண்டு பக்கமும் வைக்கோல் தள்ளிக்கொண்டு நிற்கிறது. வேறு யாராக இருந்தாலும் லாரிக்காரனோடு மல்லுக்கு நின்றிருப்பார்கள். அந்த ஆள் இறங்கிப் போய் லாரிக்காரனிடம் ஏதோ சொன்னார். அவன் ஸ்டியரிங்கை லேசாக ஒடித்துக்கொடுத்தான். எங்கள் வண்டி ஒரு துரும்பைக்கூட உதிர்க்காமல் அந்தப் பக்கம் வந்து நின்றது. பின் சீட்டில் இருந்த ஒருத்தர் கை தட்டினார்.

வண்டி ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. அந்த ஆளின் குணத்தில்தான் குறை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

என் பக்க நியாயம் தெரியாத ஆள் இப்போது டெப்போவில் கிடையாது. ஒர்க் ஷாப், கேன்டீன், பணம் கட்டுகிற கவுண்டர், எல்லா இடத்திலும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆட்டோ சவாரி நீண்டுகொண்டு போகிறது. நேற்றுச் சொல்லும்போது பாலத்தைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் துரத்திவிட்டேன்.

அந்த ஆள் என்னைப் பற்றி என்ன சொல்லித் திரிகிறார் என்று பீர்முகமதுவிடம் கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லலவே. நானும் வாயப் புடுங்கிப் பாத்துட்டேன். மழ எப்ப வரும்னு கேக்காரு."

பாருங்கள், எவ்வளவு அகம்பாவம். நான் என்ன, பேசக்கூட லாயக்கில்லாதவனா?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

செண்பகத்துக்குச் செக்கப். லீவு கிடைக்கவில்லை. அவள் என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முன்னால் மூன்றாவது சீட்டில் உட்கார வைத்தேன். எனக்குப் பயம், கருங்குளத்தூர் ரோடு ரோடா அது? குண்டும் குழியும், நடுவில் கொஞ்சம் தார்.

ஆனால் என்ன ஆச்சரியம், போகிற வழி முழுக்க வண்டி ஒரு குலுக்கு குலுக்கவில்லை. ஸ்பீடு பிரேக்கர் வந்ததே தெரியவில்லை. செண்பகம் தூங்கியே போய்விட்டாள். ரோட்டை நல்லபடியாகப் போட்டிருக்கிறார்கள் போல. தேர்தல் வருகிறதல்லவா.

இறங்கும்போது செண்பகம் அந்த ஆளிடம் போய், "வாரேன் அண்ணாச்சி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் எழுந்தே நின்றுவிட்டார். "நல்லாயிரும்மா. பையப் போ" என்றார். அந்த ஆளுக்கு இவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

வண்டி பத்து நிமிஷம் லேட். டைமானால் எடுப்பேன் என்று சொன்ன மகராசன் இன்று லேட்!

ஆகஸ்ட் 20, புதன்

அதே ரோடு, அதே பள்ளம். ஒரே நாளில் எப்படிப் பெயர்ந்ததோ தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

பின் படிக்கட்டில் ஓரத் தகரம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. என் செருப்பே மாட்டி, விழப் பார்த்தேன். ஒர்க் ஷாப்பில் சொன்னேன், பூஜைக்கு வண்டியை நிறுத்தும்போது அடித்துத் தருகிறோம் என்றார்கள். கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். நிற்கும் வரை நிற்கட்டும்.

ஆட்கள் அந்தப் படியில் தயங்கித் தயங்கி இறங்குகிறார்கள். கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்தணும். அந்த ஆளிடம் சொல்லலாம்தான். சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியட்டும்.

செப்டம்பர் 17, புதன், மதியம்

கருங்குளத்தூரில் வண்டி நிற்கிற நேரத்தில் எழுதுகிறேன், சந்தோஷம் தாங்கவில்லை.

காலையில் டெப்போவில் அந்த ஆள் என்னிடம் வந்தார். பின் படிக்கட்டுப் பக்கம் வந்து நின்று, தொண்டையைச் செருமினார். பேசத்தான் வந்திருக்கிறார்! நான் டிக்கெட் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெஷினில் ஒன்றும் இல்லை, சும்மா பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் கொஞ்ச நேரம் நின்றார். என் முதுகைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்த் திரும்பிவிட்டார்.

ஜெயித்துவிட்டேன். நாளைக்கும் வரட்டும், அப்போது யோசிப்போம்.

அதே நாள், ராத்திரி

பீடிக்கடை ஸ்டாப்பில் ஒரு அம்மா விழுந்துவிட்டாள். என் வண்டியில் இருந்து. கை முறிந்துவிட்டது.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நடந்தது இதுதான். பீடிக்கடை ஸ்டாப்பில் சுற்றின பீடியைக் கொண்டுபோய்ப் போடுகிற பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். எல்லோர் கையிலும் பீடித் தட்டு. நான் முன்பக்கம் நின்று டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தேன். கட்டணம் மாறுகிற அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் அடித்து முடிக்கணும். பின்னால் எட்டிப் பார்த்தேன், தலைகள்தான் தெரிந்தன. இறங்கியிருப்பார்கள் என்று ரெண்டு விசில் அடித்தேன். வண்டி நகர்ந்தது. பின்னால் ஒரே அலறல்.

முப்பிடாதி என்று ஒரு அம்மா. தகரத்தில் சேலை மாட்டி, தட்டோடு கீழே விழுந்துவிட்டாள். ரோடெல்லாம் பீடி. வலது கை. அவளுக்கு வேலையே அந்தக் கைதான்.

இன்று காலை மேலாளர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஹெட் ஆபீஸுக்கு ஒரு பேரு எழுதி அனுப்பணும். டிரைவர் எடப்பக்கக் கண்ணாடியப் பாக்காம எடுத்துட்டான்னு சொல்லு. நீ தப்பிச்ச. ஒனக்கும் அவனுக்கும்தான் ஆவாதே, ஒனக்கென்ன வந்துச்சு?"

"கண்ணாடியப் பாக்கலையா சார்?"

"கண்ணாடியே இல்லியே, எங்க பாக்க? நேத்துக் காலைல ஷெட்டுக்குள்ள வேற வண்டி உரசி ஒடஞ்சு போச்சு. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அப்போதுதான் விளங்கியது. நேற்றுக் காலை அந்த ஆள் பின் படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றது சமாதானம் பேச அல்ல. கண்ணாடி இல்லை, பின்னால் நீரே பார்த்துக்கிடும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் எனக்குச் செண்பகத்தின் முகம்தான் வந்தது. மலை டெப்போ வந்தது. "யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அடுத்து அந்த ஆளைக் கூப்பிட்டார்கள். என்னைப் போட்டுக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். கொஞ்ச நேரத்தில் பியூன் வந்து, "ஒங்களையும் உள்ள கூப்பிடுதாங்க" என்றார்.

உள்ளே மேலாளர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். "இந்தா வந்துட்டான். இவன் இல்லாம வாயத் தொறக்க மாட்டேன்னு நின்னியே, இப்பச் சொல்லு."

"ஆமா சார். இவரு சம்பந்தப்பட்டத இவரு இல்லாத எடத்துல பேசி எனக்குப் பழக்கமில்ல." அந்த ஆள் என் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மேலாளரிடம் சொல்வதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "கண்ணாடி இல்லன்னு எனக்குத் தெரியும். இவருகிட்டச் சொல்லப் போனேன். இவரு திரும்பல. திரும்பலன்னா என்ன, தோளத் தட்டிச் சொல்லிருக்கணும். எனக்கும் ரோசம் வந்துட்டு, போயிட்டேன். அது என் தப்பு. இவரு பக்கத்துல என்ன உண்டோ அத இவரு சொல்லுவாரு."

அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் பங்கை எனக்கே விட்டுவைத்துவிட்டார். அதை எடுத்துப் பேச எனக்குத்தான் வாய் வரவில்லை. "கூட்டமா இருந்துச்சு சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

மேலாளர், "ரெண்டு பேரும் டூட்டியில பேசிக்கிடவே மாட்டீங்களா? வெளங்கும்வே ஒங்க லெச்சணம்" என்று கத்தினார்.

"சார், ஒங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும்." அந்தக் குரல் உயரவே இல்லை. "கண்ணாடி இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன்னு நேத்து இதே எடத்துல நின்னு சொன்னேன். ட்ரிப் கட்டாவக் கூடாது, எடுன்னு சொன்னது நீங்க. எங்களுக்குள்ள பேச்சில்லன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியும். ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நீங்க கேக்கல. ஒங்க மேல எனக்கு மரியாத உண்டு சார். அதான் ஒங்ககிட்டயே சொல்லுதேன். வெளிய போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெருமாள்சாமி சாரைத் திட்டாத ஆள் எங்கள் டெப்போவில் கிடையாது. கேன்டீனில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவோம், நேரில் பார்த்தால் சலாம் போடுவோம். ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல், ஒரு பணிவும் குறையாமல், அவர் நாற்காலிக்கு முன்னால் நின்றே அதைச் சொல்ல முடியும் என்று நான் இதுவரை நினைத்ததே இல்லை. மனுஷன் என்றால் இவர் மனுஷன். எழுதிவிட்டேன், எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும்.

மேலாளர் முன்னால் கிடந்த ஃபைலை மூடி வைத்தார். பிறகு காற்றுப் போன குரலில் சொன்னார். "திங்கக்கெழம போலீஸ் ரைட்டர் போயி அந்த அம்மாகிட்ட எழுதி வாங்குவாரு. தானா வழுக்கி விழுந்தேன்னு அவ சொல்லிட்டா எல்லாரும் தப்பிச்சோம். பழம் கிழம் வாங்கிட்டுப் போயி நல்லபடியாப் பேசிட்டு வாங்க. இல்லன்னா ஆவுடையப்பன், மலைதான் ஒனக்கு. என் கையில இல்ல."

செப்டம்பர் 20, சனி

செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகரத்தைப் பற்றியும் விசிலைப் பற்றியும் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்த அம்மா எந்தக் கையால சாப்பிடுதா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சி எனக்கு முன்னமே வந்து நின்றிருந்தார். என் கையில் ஆரஞ்சுப் பழம், அவர் கையில் ஹார்லிக்ஸ். பேசிக்கொள்ளாமலே மாடி ஏறினோம்.

முப்பிடாதி அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கை மாவுக்கட்டில். நேரே பார்க்க முடியவில்லை.

முதலில் அண்ணாச்சிதான் பேசினார். "அம்மா, நான்தான் டிரைவரு. எடப்பக்கம் கண்ணாடி இல்லாமலே வண்டிய எடுத்துட்டு வந்தேன். நீங்க எறங்குனது எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கிடணும்."

"கண்ணாடி இல்லன்னா என்ன அண்ணாச்சி" என்றாள் அவள். "கண்டக்டர் விசிலக் கேட்டுத்தான நீங்க எடுப்பீய? தம்பி பாத்துத்தான் அடிச்சிருக்கும். நாந்தான் தட்டப் புடிக்கேன்னு காலப் பாக்காம எறங்கிட்டேன். வழுக்கிட்டு. என் தலையெழுத்து."

மேலாளர் சொல்லித்தரச் சொன்னதை அவளே சொல்லிவிட்டாள். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். பழத்தைக் கொடுத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கிடுங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினால் போதும். மலை இல்லை. ராத்திரி வீட்டில் இருக்கலாம். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்கலாம்.

அண்ணாச்சியைப் பார்த்தேன். முறைப்பார், கண் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவர் பங்கைச் சொல்லி முடித்தாகிவிட்டது. மீதி என்னுடையது.

தம்பி பாத்துத்தான் அடிச்சிருக்கும் என்கிறாள். அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு என்னால் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது.

"இல்லக்கா" என்றேன். "நீங்க வழுக்கல. நான் பாக்காம விசில் அடிச்சிட்டேன். அந்தப் படியில தகரம் தூக்கிட்டு நின்னுச்சு, அதுவும் எனக்குத் தெரியும். டிரைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா கூட நேரம் நிறுத்திருப்பாரு. நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எங்களுக்குள்ள பேச்சில்லக்கா."

அவள் என்னைப் பார்த்தாள், அண்ணாச்சியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "என்ன சண்ட?"

ஆட்டோக் கதையைச் சொன்னேன். டெப்போ முழுக்க வாய் ஓயாமல் சொன்ன கதை, அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லும்போது ரெண்டு வரிகூடத் தேறவில்லை.

"அட சவத்து மூதிகளா!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ரெண்டு ஆம்பளைய மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேசாமத் திரியிறதுக்கு என் கையா கெடச்சுது? என் வீட்டுல நான் பேசாம இருந்தா ஒரு வேள சோறு வேவாது. நீங்க ஊரையே ஏத்திக்கிட்டுப் பேசாமப் போறியளோ? தீபாவளி வருது, இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பீடி சுத்த? போலீசு வரட்டும். நீ சொன்னத ஒரு எழுத்து விடாமச் சொல்லுவேன்."

"சொல்லுங்கக்கா" என்றேன்.

"பழத்த வச்சுட்டுப் போ. உரிச்சு வச்சுட்டுப் போ. ஒத்தக் கையால எப்படி உரிப்பேன்?"

உரித்தேன். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கொட்டையை எடுத்துக் கொடுத்தார்.

கீழே வந்ததும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அண்ணாச்சி நின்றார். "டீ குடிப்பமா?" என்று கேட்டார். எனக்கு என்ன வந்ததோ, "அத்தன பேரு முன்னால என்னைய அசிங்கப்படுத்தலாமாவே நீரு?" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"தப்புதான். தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருக்கணும். ஆனா நீரு தெனமும் லேட்டா வந்ததும் தப்புதான்வே!" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "டெப்போ பூரா என்னையக் கேவலமாப் பேசிட்டுத் திரிஞ்சீரே, ஒரு நாள் என்கிட்ட வந்து பேசுனீரா?"

"நீரு பேசிருக்கலாம்லா?"

"டீ வாங்கி வச்சேன்லா!"

"டீ பேசுமாவே?"

அவ்வளவு மாசமாக அடக்கிவைத்த சண்டையை அந்த மரத்தடியில் போட்டுத் தீர்த்தோம். ரெண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. வாட்ச்மேன் ஓடிவந்து, "அடிதடின்னா வெளிய போயி வச்சுக்கிடுங்க" என்று விரட்டினார். ரோட்டுக்கு வந்தும் விடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து மீதியையும் போட்டோம். இப்படி ஒரு சண்டை போட எனக்கு இதுவரை ஆள் கிடைத்ததில்லை. எழுந்திருக்கும்போது உடம்பு லேசாக இருந்தது.

செப்டம்பர் 27, சனி

ஆர்டர் வந்துவிட்டது. முப்பிடாதி அக்கா சொன்னபடியே எழுத்து விடாமல் சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சிக்குச் சம்பள உயர்வு வெட்டு. எனக்கு மலை டெப்போ. பெருமாள்சாமி சார் கண்ணாடி இல்லாத வண்டியை அனுப்பியது தான்தான் என்று அவரே எழுதி அனுப்பியிருக்கிறாராம், அவரிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

செண்பகம் ஆர்டரை ரெண்டு தடவை படித்தாள். "வலி வந்தா லீவு போட்டுட்டு வாங்க. நீங்க என்ன பிரசவமா பாக்கப் போறீங்க? எங்க அக்கா வந்து இருப்பா" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அவரவர் வண்டியை அவரவர்தான் கழுவி அலங்காரம் பண்ணணும். நாளைக் கழித்து நான் மலைக்குப் போகணும், இருந்தாலும் இன்றைக்கு அது என் வண்டி. போனேன்.

ஷெட்டில் பீர்முகமது என்னை ஓரமாக இழுத்தார். "ஒம்ம மலைக்குத் தூக்கிட்டான். ஞானதிரவியம் சொகமா இங்கனயே இருக்காரு. பாத்தீரா, கடைசில யாரு ஜெயிச்சான்னு?"

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவர் சொல்வதில் பாதி எனக்கே ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததுதான். பீர்முகமது தோளில் கை போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவரை விட்டுவிட்டு நேரே வண்டிக்குப் போனேன். அண்ணாச்சி வாழைக்கன்றைத் தூக்கி முன் பம்பரில் நிறுத்திக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நெற்றியில் யாரோ இட்டுவிட்ட சந்தனம்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்."

"நீங்க இங்க இருக்கீங்க, நான் மலைக்குப் போறேன். உண்மையச் சொன்னதுக்கு எனக்கு இதுதான் கெடச்சுது. ஒங்களப் பாத்தா எனக்கு வயிறெரியுது."

அவர் வாழைக்கன்றை விடாமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

"எரியத்தான் செய்யும். எனக்கா இருந்தாலும் எரியும்" என்றார். "சரி, கயித்தப் புடிச்சு இறுக்கிக் கட்டும். சாயுது."